கல் வளர்க்கும் நீர்: பிளிட்விச்சே ஏரிகள்

ஓடும் நீர் கல்லைக் கரைக்கும் என்பதே நாமறிந்த இயற்கை. கல்லைக் கட்டியெழுப்பும் நீரைக் காண விழைவோர் குரோவாசிய நாட்டின் பிளிட்விச்சே ஏரிகள் தேசியப் பூங்காவிற்குச் செல்லுதல் வேண்டும். 1949ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று.

இங்குப் பதினாறு ஏரிகள் படிக்கட்டுகளென ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து, அருவிகளாய் வழிந்து, முடிவில் கொரானா ஆறாகின்றன. இவ்வேரிகளைத் தேக்கிவைக்கும் அணைகள் எவரும் கட்டியவை அல்ல. சுண்ணாம்புப் பாறைகளினூடே வரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொணர்கிறது. அந்நீர் விழுந்து சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு பாசிகளின்மீது படிகிறது. கடின நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்படலம் படிவதை நம் இல்லங்களில் கண்டிருப்போம். ஏறத்தாழ அதுவே இது. பாசியின் அடிப்பகுதி கல்லாக, நுனி மேலே தளிர்க்கிறது. அணை உயர்கிறது, ஏரியும் உயர்கிறது. ஆகவே இன்று காணும் அருவி நாளை இடம் மாறவும் கூடும்.

78 மீட்டர் உயரமுடைய 'பெரிய அருவி'யை ஏரிகளிலிருந்து வீழ்வதாகவே பலர் கருதுவர். உண்மையில் அது பிளிட்விச்சா என்னும் தனி ஓடையின் வீழ்ச்சியாகும். கொஸ்யாக் ஏரியை மின்விசைப் படகில் கடக்கலாம். ஏனைய இடங்கள் பலவற்றில் நீர்மேல் அமைத்த மரப்பாலங்கள் உண்டு.

இவ்வெழிலிடம் போரையும் கண்டது. 1991 மார்ச் 31 அன்று, ஈஸ்டர் ஞாயிறன்று, இங்கு நிகழ்ந்த மோதலில் இரு தரப்பிலும் ஒவ்வொருவர் உயிரிழந்தனர். குரோவாசியப் போரின் முதல் உயிர்ப்பலிகளுள் அவை அடங்கும். 1992இல் பூங்கா அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 1997இல் நீக்கப்பட்டது.

இன்றைய இடர் வேறு. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருவதுண்டு. விடுதிகளின் கழிவு நீரில் கலந்துவரும் சத்துகள் நீர்த்தாவரங்களை மிகுதியாய் வளர்த்து, சுண்ணாம்பு படிவதைக் குலைக்கும். பாசியோ மிதிபட்டால் நொறுங்கும். நீராடுதல் முன்பு சில இடங்களில் அனுமதிக்கப்பட்டிருந்தது; 2006 முதல் முற்றிலும் தடை. மணிக்கணக்கில் நேரம் குறித்தே நுழைவுச் சீட்டு வழங்குகின்றனர். பனி உருகும் இளவேனிலில் நீர் பெருகிப் பாலங்கள் சில மூழ்கிவிடுவதால், அக்காலத்தில் செல்வோர் எவ்வழி திறந்துள்ளது என முன்னரே கேட்டறிதல் நன்று.