பன்னிரண்டு வோல்ட்டுதானே, என்ன ஆயிடும்?

- இறுதியாண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு



"வீட்டுக் கரண்டு 230 வோல்ட், தொட்டா ஆளைத் தூக்கிடும். கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்டுதானே, என்ன ஆயிடும்?" என்று கேட்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் தீப்பிடிக்க வோல்ட் அதிகம் வேண்டியதில்லை, ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் தருகிற அதே பேட்டரி, ஷார்ட் ஆன வயருக்கும் தயங்காமல் பல நூறு ஆம்பியரைக் கொடுத்துவிடும். இன்சுலேஷன் உருகச் சில விநாடிகள் போதும்.

புதுக் கார் வாங்கினால் நம்ம திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் சந்நிதியில் பூஜை போடுகிறோம். எலுமிச்சம்பழத்தின் மீது ஏற்றி எடுக்கிறோம். அடுத்த வாரமே டபுள் ஹாரன், ஃபாக் லைட், ஆம்பிளிஃபயர் என்று வண்டியை அக்சசரீஸ் கடையில் விடுகிறோம். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம்.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது?

பலரும் பல்பைக் காப்பாற்றுகிறது என்பார்கள். இல்லை! ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வயர் எவ்வளவு கரண்டைத் தாங்குமோ, அதற்கேற்பத்தான் ஃபியூஸ் அளவு வைக்கப்படுகிறது.

ஒரு காரில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து 15 ஆம்பியர் ஃபியூஸ் என்று வைத்துக்கொள்வோம். ஹை பீமில் ஒரு பல்பு 60 வாட். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. பிரச்சினை இல்லை. இப்போது வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாட்டினால் 16.7 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 14-ஐத் தொடுவதால் கரண்டு இன்னும் கூடும். வெப்பம் கரண்டின் இருமடிக்கு (ஐ ஸ்கொயர் ஆர்) ஏற்ப உயரும் என்பது முதலாண்டுப் பாடம். 10 ஆம்பியர் 16.7 ஆனால் வயரில் வெப்பம் ஏறக்குறைய 2.8 மடங்கு!

ஃபியூஸ் அடிக்கடி போகும். வண்டிக்காரர் வந்து, "தம்பி, சும்மா சும்மா வர முடியாது, பெருசா ஒண்ணு போட்டு விட்டுருப்பா" என்பார். 15-க்கு (நீலம்) பதிலாக 30 (பச்சை) சொருகினால் அவருக்குச் சந்தோஷம். ஆனால் இனி முதலில் உருகப்போவது ஃபியூஸ் அல்ல, டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயர். சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றி வைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நினைவில் வைக்க: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

லூஸ் கனெக்ஷன்

இதை ஃபியூஸால் கண்டுபிடிக்கவே முடியாது. துருப்பிடித்த எர்த் போல்ட், முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஆகியவற்றில் 0.25 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 10 X 10 X 0.25 = 25 வாட். லேபில் நாம் பிடிக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்! அப்படி ஒன்றை ஆன் செய்து சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போவோமா? இதோடு பானெட்டுக்குள் குடித்தனம் நடத்தும் எலியும் வயரைக் கடித்துச் செப்பை வெளியே கொண்டுவருகிறது.

நடந்த கதைகள்

2009-ல் சாலைக்கு வந்த டாடா நானோவை நாடே கொண்டாடியது. 2010 மார்ச்சில் மும்பையில் ஒரு புது நானோ, வீட்டுக்கு ஓட்டிச் செல்லும் வழியிலேயே எரிந்தது. வடிவமைப்பில் குறை இல்லை என்ற நிறுவனம், கூடுதலாகப் பொருத்தப்பட்ட மின் சாதனங்களைக் காரணம் காட்டியது. இருந்தும் அந்த ஆண்டு நவம்பரில், விற்பனையான 70,000-க்கு மேற்பட்ட கார்களுக்கும் எக்ஸாஸ்ட்டிலும் மின்சுற்றிலும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது.

2009-ல் தென்னாப்பிரிக்காவில் ஹோண்டா ஜாஸ் கார் தீயில் ஒரு குழந்தை இறந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியே தண்ணீர் பவர் விண்டோ சுவிட்சுக்குள் இறங்கினால் அது சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று தெரிந்து, 2010 ஜனவரியில் உலகெங்கும் சுமார் 6,46,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் 8,532 சிட்டி கார்கள். 2012-ல் டொயோட்டாவும் இதே சுவிட்சுக்காக 74 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அழைத்தது. சுவிட்ச் இறுக்கமாக இருக்கிறதென்று கடையில் விற்கும் லூப்ரிகண்டை அதில் போட்டால் உருகும் ஆபத்து உண்டு என்றும் எச்சரித்தது. நாம் சாதாரணமாகச் செய்கிற வேலை!

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இன்னும் கொடுமை. இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு தளர்வாக இருந்ததால், கனமான சாவிக்கொத்தின் ஆட்டத்திலேயே சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவியது. ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றது, பவர் ஸ்டியரிங் இல்லை, ஏர்பேக்கும் விரியவில்லை. 124 மரணங்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. 2014-ல்தான் சுமார் 26 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. அந்த சுவிட்சை முன்பே திருத்தியிருந்தார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! அதனால் பழையது எது, புதியது எது என்று கண்டறிய முடியாமல் ஆண்டுகள் ஓடின. டிராயிங் வகுப்பில் ரிவிஷன் நம்பர் போடச் சொன்னால் சலித்துக்கொள்கிறோமே, அதன் விலை இது.

நாம் செய்ய வேண்டியவை

1. எந்தக் கூடுதல் சாதனத்துக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும்; பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

2. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டு நேரடி ஷார்ட்.

3. மல்டிமீட்டரில் பாருங்கள். முழு சார்ஜில், இன்ஜின் நிற்கையில் 12.6 வோல்ட். ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும், ஒரு பொறி போதும்.

4. எரிந்த பிளாஸ்டிக் வாடை, மங்கி மங்கி எரியும் விளக்கு, அடிக்கடி போகும் ஃபியூஸ் ஆகியவை நோயின் அறிகுறிகள். ஃபியூஸை மாற்றுவது வைத்தியம் ஆகாது. காரணத்தைத் தேட வேண்டும்.

5. புகை வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இக்னிஷனை ஆஃப் செய்து, முதலில் பின் சீட்டுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்குங்கள். பானெட்டைப் படாரென்று திறக்காதீர்கள். காற்றுப் பாய்ந்து தீ பெருகும். தூரப் போய் 101-ஐ அழையுங்கள். பவர் விண்டோ வேலை செய்யாவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் கூரான பொருளால் அடித்தால் உடையும். முன் கண்ணாடி பல கார்களில் லேமினேட் ஆனது, அப்படி உடையாது.

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் சர்வீஸ் சென்டருக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோதான் போகப் போகிறோம். "பெருசா ஒண்ணு போடுப்பா" என்ற குரல் நம் காதில் நிச்சயம் விழும். அன்று, "முடியாதுண்ணே, முதல்ல வயரைப் பார்ப்போம்" என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். அந்த வண்டியில் போகப்போவது ஒரு குடும்பம்!

விழிப்போடு இணைப்போம்! விபத்தைத் தவிர்ப்போம்!