சிம்பன்சியே அளவுகோல்

1970-களில் அமெரிக்க மருத்துவர்களைக் குழப்பிய நோய் ஒன்று உண்டு. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பலருக்குச் சில வாரங்களில் கல்லீரல் அழற்சி வந்தது. ஆனால் சோதித்தால் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் இல்லை, பி வைரஸும் இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் அந்தக் கிருமி பிடிகொடுக்கவில்லை. 1978-இல் ஹார்வி ஆல்ட்டர் குழுவினர் நோயாளிகளின் ரத்தத்தைச் சிம்பன்சிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றுக்கும் நோய் கண்டது. கிருமி உண்டு என்பது தெளிவானது. அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சிம்பன்சியை வைத்தே அளக்க வேண்டியிருந்தது.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்வார்கள். அதிலிருந்து எடுத்து மறுபடி பத்து மடங்கு. இப்படி ஆயிரம், லட்சம், கோடி என்று போய், ஒவ்வொரு படியையும் ஓரிரு சிம்பன்சிகளுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடிக்கடி ரத்தம் எடுத்து ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி உயர்கிறதா என்று பார்ப்பார்கள். கல்லீரலிலிருந்து துளி திசுவும் எடுப்பார்கள். பாதி விலங்குகளுக்குத் தொற்றக்கூடிய அளவுதான் ஓர் அலகு.

1977-இல் ஒரு நோயாளியிடம் எடுத்த 'எச்' பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 30 லட்சம் அலகுகள் இருந்தன. அதில் ஒரு மில்லிலிட்டரை 1,000 லிட்டர் மாடித் தொட்டியில் கலந்தால், தொட்டியிலிருந்து எடுக்கும் எந்த மில்லிலிட்டரும் பெரும்பாலும் தொற்றும்! பெரும்பாலான மாதிரிகளில் கிருமி இதைவிட மிகக் குறைவு.

அலகு கிடைத்ததும் கேள்விகள் கேட்க வழி பிறந்தது. குளோரோஃபார்ம் கலந்தால் தொற்றுத்திறன் போயிற்று. ஆகவே வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. நுண்வடிகட்டியில் வடித்தும் தொற்றியது. ஆகவே உருவில் மிகச் சிறியது. கண்ணால் பார்க்காத ஒன்றின் உடலமைப்பை இப்படி ஊகித்தது எனக்கு இன்றும் வியப்பு. ஆய்வாளர் டேனியல் பிராட்லி, கிருமி செறிந்த சிம்பன்சி பிளாஸ்மாவைத் திரட்டித் தந்தார். அதிலிருந்துதான் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் ஹெபடைடிஸ் சி என்று பெயர் பெற்ற இந்த வைரஸின் மரபணுத் துண்டைப் பிரித்து 1989-இல் அறிவித்தார்கள். ரத்த வங்கிகளுக்குச் சோதனை கிடைத்தது அதன் பிறகே.

படிக்கு ஓரிரு விலங்குகள்தான் என்பதால் இந்த எண்கள் உத்தேசமானவையே. அதைவிடக் கனமானது அந்த விலங்குகள் பட்ட பாடு. மனிதனுக்கு மிக நெருங்கிய உயிரினம். பலவற்றின் உடலில் வைரஸ் நிரந்தரமாகத் தங்கியது. கிடைத்த அறிவு உயிர்களைக் காத்தது உண்மை. அதற்காக விலங்குகள் பட்ட பாட்டின் கணக்கை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2005-இல் இந்த வைரஸை ஆய்வகச் செல்களில் முழுமையாக வளர்க்க முடிந்தது. 2015-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் சிம்பன்சிகளை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஆதரவை நிறுத்தியது. உயிருள்ள கல்லீரல் தேவைப்படும் சோதனைகளுக்கு இப்போது மனிதக் கல்லீரல் செல்கள் பதித்த எலிகள் உள்ளன.