மூச்சு நிதானப்பட்டால் பயம் தெளியும்

தீயணைப்பு வீரர் முதுகில் சிலிண்டரும் முகத்தில் முகமூடியுமாகப் புகைக்குள் நுழைவதைப் பார்த்தால், "ஆக்ஸிஜன் மாட்டிக்கிட்டுப் போறார்" என்போம். ஆனால் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான்! ஆறு லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால், சுமார் 1,800 லிட்டர் காற்று அடங்கும்.

அது எவ்வளவு நேரம் வரும்? நிமிஷத்துக்கு 40 லிட்டர் செலவானால் 45 நிமிஷம். பதறிப்போய் மூச்சு வாங்கி 60 லிட்டர் ஆனால் 30 நிமிஷம்தான்! ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கருவியை மாட்டக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. பயத்தையும் தெளிய வைக்க வேண்டும்.

குழந்தைக்கு நடை பழக்குவது போலத்தான் இதுவும். முதலில் திறந்த வெளியில் முகமூடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக மூச்சு விடப் பழகுகிறார்கள். முகமூடி முகத்தோடு ஒட்டி இருக்கணும். தாடி இருந்தால் காற்று கசியும். அடுத்து நடை, மாடிப்படி, சுமை தூக்குதல். பிறகு முகமூடிக் கண்ணாடியை மறைத்து, சுவரைத் தடவியபடி தவழ வைப்பார்கள். கடைசியில்தான் புகை அறை. அங்கேயும் ஜோடியாகத்தான் போகணும். காற்று குறைந்தால் விசில் அடிக்கும். ஆனால் விசிலுக்காகக் காத்திராமல், மீட்டரைப் பார்த்து, திரும்பி வரத் தேவையான காற்றை மிச்சம் வைத்துக்கொள்ளவும் பழக்குகிறார்கள்.

"இதெல்லாம் ஆம்பிளைங்க வேலை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் 2002-ஆம் ஆண்டு முதன்முதலாகச் சேர்ந்து பயின்ற பெண், ஹர்ஷினி கன்ஹேகர்!

இதில் நமக்கும் பாடம் உண்டு, சகோதரிகளே. இத்தனை பழகியவர்களே கருவியில்லாமல் புகைக்குள் போவதில்லை. நாமோ ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, பீரோவில் உள்ள நகையை எடுக்க ஓடலாமா? புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஈரத்துணி அதைத் தடுக்காது.

தீப்பிடித்தால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, புகைக்குக் கீழே குனிந்து, தவழ்ந்தாவது வெளியே வந்துவிடுங்கள். வரும்போது கதவைச் சாத்துங்கள். 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். மறுபடி உள்ளே போகவே போகாதீர்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால், எந்த அறை, எந்தப் பக்கம் கதவு என்று வீரர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் இருட்டில் தேடும் நேரம் குறையும். முதுகில் இருக்கும் காற்றும் மிச்சமாகும்.