அயல்மொழி மருத்துவரிடம் நோயை எடுத்துரைத்தல்



உத்தியோகத்தின் பொருட்டோ பிழைப்பை நாடியோ தமிழ்நாட்டை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு, அவ்விடத்து மொழி சில மாதங்களில் ஓரளவு பழகிவிடுகிறது. காய்கறிக் கடையில் விலை கேட்கவும், பேருந்தில் சீட்டு வாங்கவும், வீட்டுக்காரரிடம் வாடகை கொடுக்கவும் நாற்பது ஐம்பது சொற்கள் போதும். தவறாகப் பேசினாலும் நஷ்டம் சில ரூபாயோடு போய்விடும். மருத்துவரின் எதிரே உட்காரும்போது மட்டும் அந்த நாற்பது சொற்கள் போதாமற் போகின்றன. அங்கே நாம் சொல்லும் சொல்லை வைத்தே அவர் நோயை அறிகிறார். அறிந்ததை வைத்தே மருந்தைத் தருகிறார். சொல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கக்கூடும்.

இதை நான் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவனல்லன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பதே என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், கும்பகோணத்திலிருந்து தில்லிக்குத் தம் மகனுடன் வசிக்க வந்திருந்த அண்டை வீட்டு அம்மையார் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. "தம்பி, எழுந்து நின்றால் மயக்கமாய் வருகிறது என்று சொல்லப்பா" என்றார் அம்மையார். மயக்கம் என்ற சொல்லுக்கு ஹிந்தியில் 'பேஹோஷி' என்று நான் தயங்காமல் மொழிபெயர்த்தேன். நினைவு தப்பி விழுவதற்கே அச்சொல் பொருந்தும். மருத்துவர் கவலையுற்று, இருதயப் பரிசோதனைக்கும் தலையைப் படமெடுக்கும் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாட்கள் அலைந்தோம், பணமும் செலவாயிற்று. பரிசோதனைகளில் யாதொரு குறையும் தென்படவில்லை.

மறுமுறை சென்றபோது வயது முதிர்ந்த வேறொரு மருத்துவர் இருந்தார். "எத்தனை தடவை கீழே விழுந்தார்?" என்று அவர் கேட்டார். அம்மையார் ஒரு தடவையும் விழவில்லை, நினைவும் தப்பவில்லை. தலை சுற்றியதைத்தான் அவர் நம் வழக்கப்படி மயக்கம் என்றார். அதற்கு ஹிந்தியில் 'சக்கர்' என்பது சொல். உடனே அம்மருத்துவர், வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரை ஒன்று. தில்லியில் எழுதிக் கொடுத்தது மற்றொன்று. அட்டைகளின் மேல் இருந்த பெயர்கள் வேறு. கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயரோ இரண்டிலும் அம்லோடிபின் என்பதே. ஒரே மருந்தை அம்மையார் இருமடங்காக உண்டு வந்திருக்கிறார். மருத்துவர் ஒன்றை நிறுத்தினார். சில நாட்களில் தலைசுற்றல் நின்றது. இடையில் அவர் படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தால் அந்தப் பழியில் எனக்கும் பங்கு இருந்திருக்கும்.

இந்த அநுபவத்திலிருந்து நான் கற்றவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதற்கண், எங்கே செல்வது என்பதைப் பார்ப்போம். நோய் வந்த பிறகு இதை விசாரிப்பதைவிட, புதிய ஊரில் குடியேறிய முதல் மாதத்திலேயே விசாரித்து வைப்பது நலம். மத்திய அரசு ஊழியர்க்கும் ஓய்வூதியம் பெறுவோர்க்கும் உரிய சுகாதாரத் திட்டம் 1954ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கி, பின்னர் பல நகரங்களுக்கும் பரவியது. மாற்றலாகி வந்தவர் தம் அட்டையைக் கொண்டு புதிய ஊரின் மருந்தகத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஆலைகளிலும் கடைகளிலும் பணிபுரிவோர்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் அது முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. சம்பளத்தில் இதற்காகப் பணம் பிடிக்கப்படுவதை அறிந்தும், அதன் மருந்தகம் எங்கே இருக்கிறது என்று அறியாத நம்மவர் பலர். இவ்விரண்டிலும் சேராதவர்களுக்கு அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களும் பொது மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளும் இருக்கின்றன. வேறு மாநிலத்தவர் என்பதற்காக அங்கே தயங்கி நிற்க வேண்டியதில்லை.

2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு உதவி கிடைக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவதற்கு அது பயன்படாது. ஊரில் பெற்ற காப்பீட்டு அட்டை தாம் வசிக்கும் மாநிலத்தில் செல்லுமா என்பதை 14555 என்ற தொலைபேசி எண்ணில் முன்னதாகவே கேட்டறிந்துகொள்ளுவது நல்லது.

இனி, கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை. பழைய மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகிய மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் முதலியவற்றையும் விட்டுவிடலாகாது. 'அது மருந்தல்ல, வீட்டுப் பழக்கம்' என்று நாம் நினைப்பது மருத்துவருக்கு முக்கியமான செய்தியாக இருக்கக்கூடும். முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமற் போயிருந்தால், அம்மருந்தின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அப்பையின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத நிலையிலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

அடுத்து, சொல்ல வேண்டியவை. புறப்படுமுன் வீட்டிலேயே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். தொல்லை உடம்பின் எப்பகுதியில் இருக்கிறது? என்று தொடங்கிற்று? எப்போது மிகுகிறது, எப்போது தணிகிறது? அதனோடு கூட வேறென்ன உண்டு? இந்நான்கும் தெளிவாயிருந்தால் மொழி சற்றே குறைவுபட்டாலும் மருத்துவர் மற்றதைக் கேட்டு அறிந்துகொள்ளுவார்.

நாளைச் சொல்லும்போது தேதியாகவே சொல்ல வேண்டும். ஹிந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையும் குறிக்கும். 'பர்ஸோன்' என்பதோ நேற்று முன்தினத்துக்கும் நாளை மறுநாளுக்கும் பொது. ஹிந்தி பேசுவோர் வினைச்சொல்லைக் கொண்டு வேறுபாட்டை அறிவர். வினைச்சொல்லில் தடுமாறும் நாம் அவரையும் தடுமாறச் செய்வோம். 'பத்தாம் தேதி இரவு முதல்' என்றால் குழப்பமில்லை. காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தே எந்த இரத்தப் பரிசோதனை செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வதும் உண்டு.

ஹிந்தி வழங்கும் ஊர்களில் இருப்போர் சில சொற்களையேனும் மனத்தில் பதித்துக்கொள்ளுவது பயன்தரும். காய்ச்சலுக்குப் 'புகார்' என்பர். நம் செவிக்கு அது முறையீடு போல ஒலித்தாலும் பொருள் காய்ச்சலே. வலிக்குத் 'தர்த்', வாந்திக்கு 'உல்டி', வயிற்றுப்போக்குக்குத் 'தஸ்த்', வீக்கத்துக்கு 'ஸூஜன்', அரிப்புக்குக் 'குஜ்லி' என்பன வழக்கு. மராட்டியம், வங்காளம், கன்னடம் முதலிய மொழிகள் வழங்கும் இடங்களில் வசிப்போர், இதே சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆங்கிலச் சொற்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. 'ஷுகர்', 'பி.பி.' முதலியவை நாடெங்கும் விளங்கும். ஆனால் 'காஸ்' என்று நம்மவர் சொல்லும் சொல் ஆபத்தானது. வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், நெஞ்சை அடைக்கும் வலி ஆகிய எல்லாவற்றுக்கும் நாம் அதையே பயன்படுத்துகிறோம். இருதய நோயின் வலியைக் 'காஸ்' என்று சொல்லிப் பொழுதைக் கழித்துவிடலாகாது. நோய்க்கு நாமே பெயர் சூட்டாமல், உணர்ந்ததை உணர்ந்தவாறே கூறுவதே முறை. நெஞ்சு கனக்கிறதா, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பவற்றைச் சொன்னால் பெயரை மருத்துவர் கண்டுகொள்ளுவார். இத்தகைய வலி கண்டால் மருந்தகத்தின் வரிசையில் நிற்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான அவசர எண் 112. அவசர நிலையில் உயிரைக் காப்பதே முதற்கடமை என்றும், சட்டச் சடங்குகளுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்றும் உச்சநீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

நிற்க. மொழி அறவே தெரியாதவர் யாரையேனும் துணைக்கு அழைத்துச் செல்லத்தான் வேண்டும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து துணைபுரிபவனையும் மருத்துவத்தின் நான்காவது உறுப்பாக வைத்திருக்கிறார். அயல்நாட்டில் அந்த நான்காமவர் மொழிபெயர்ப்பவராகவும் ஆகிவிடுகிறார். ஆகவே அவரைத் தேர்ந்து அழைக்க வேண்டும். பள்ளியிற் பயிலும் பேரனுக்கு ஹிந்தி நன்றாக வரலாம். ஆனால் பாட்டியார் தமக்கு உதிரம் படுகிறது என்பதை அவன் முன்னே சொல்லுவாரா? சொல்லாமல் மறைத்த ஒரு செய்தியால் சிகிச்சை மாதக்கணக்கில் பின்தங்கிவிடலாம். பெண்களுக்கு விவரமறிந்த பெண்ணொருவர் துணை செல்லுவதே சிறப்பு. துணை செல்பவரும், கேட்டதைத் தாமே திருத்தாமலும் சுருக்காமலும், நோயாளி சொன்னபடியே சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் நோயாளியிடமே திரும்பக் கேட்டுத் தெளிய வேண்டும். அன்று 'மயக்கம் என்றால் விழுந்துவிட்டீர்களா, தலை சுற்றிற்றா?' என்று ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் போதும்.

மருத்துவரின் அறையை விட்டு எழுமுன், அவர் சொன்னதை நாம் ஒருமுறை திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளுக்கு, உணவுக்கு முன்னா பின்னா, மறுபடி எப்போது வருவது என்ற நான்கும் அதில் அடங்க வேண்டும். உணவுக்கு முன் என்பதை 'கானே ஸே பஹ்லே' என்றும், உணவுக்குப் பின் என்பதை 'கானே கே பாத்' என்றும் ஹிந்தியில் சொல்லுவர். சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, பகலில் இல்லை, இரவில் ஒன்று என்பது பொருள். இக்குறியீடு எம்மொழியாருக்கும் பொதுவாகையால், எழுதித் தருமாறு கேட்பதில் தவறில்லை. 'எஸ்.ஓ.எஸ்.' என்று இருந்தால் தேவைப்படும்போது மட்டும் உட்கொள்ள வேண்டும், நாள்தோறும் அன்று.

மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப் பெயரைப் படிக்கத்தக்க எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களின் ஒழுக்க விதிகள் 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்டன. அப்பெயரே நமக்குப் பெருந்துணை. கடையில் மருந்து வாங்கியதும், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்து, சிறிய எழுத்திலுள்ள பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாயிருப்பின், தாமாகவே எதையும் நிறுத்தாமல், மருத்துவரிடம் திரும்பச் சென்று காட்டுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் தம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. விடுமுறையில் ஊருக்குச் செல்லுமுன் அவற்றைப் பெற்றுக்கொண்டால், ஊரிலுள்ள மருத்துவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அம்மையார் இப்போது மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் என்னை அழைப்பதுண்டு. புறப்படுமுன் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டாயிற்றா என்று நான் கேட்பேன். "எடுத்தாயிற்று, தம்பி. உனக்கு இன்றைக்குச் சொல்லெல்லாம் சரியாக வருமா?" என்று அவர் என்னைக் கேட்பார். அவர் கேட்பது நியாயமே.