துணையிடம் சொல்லத் தயங்குவோர்க்கு

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் இருப்பதைத் திருமணத்திற்கு முன் சொல்வதா, மறைப்பதா என்று பலர் தவிக்கின்றனர். சொல்லிவிடுவதே நல்லது. கொப்புளங்கள் ஆறிய பின்னும் இவ்வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கியிருக்கும். புண் தெரியாத நாட்களிலும் பிறருக்குத் தொற்றக்கூடும். ஆகவே, உடலுறவுக்கு முன்பே துணைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தனிமையில், பதற்றமில்லாத பொழுதில் சுருக்கமாகக் கூறுங்கள்: "எனக்கு ஹெர்பிஸ் தொற்று உள்ளது. அவ்வப்போது புண் வரும், மருந்தால் கட்டுப்படும். உங்களுக்குத் தொற்றாமல் காக்க விரும்புகிறேன். யோசித்துப் பதில் சொல்லுங்கள்."

மருத்துவர் ஆலோசனைப்படி தினமும் வாலசைக்ளோவிர் உட்கொண்டால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறை அணிவதும், எரிச்சலோ புண்ணோ உள்ள நாட்களில் உறவைத் தவிர்ப்பதும் பாதுகாப்பை மேலும் கூட்டும். தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் முதல் புண் தோன்றலாம். ஆதலால் அதை வைத்து எவரது ஒழுக்கத்தையும் அளவிட இயலாது. கருவுற்றால் மகப்பேறு மருத்துவரிடம் மறவாமல் தெரிவியுங்கள். பிரசவ வேளையில் புண் இருந்தால் அறுவை சிகிச்சை மூலம் குழந்தையைக் காக்கலாம்.

அவர் மறுக்கவும் கூடும், அது வலிக்கும். ஆயினும், பின்னாளில் அறிந்து உடையும் நம்பிக்கையின் வலி அதனினும் பெரிது. ஐயம் எழுந்தால் இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் வாருங்கள்.