தற்பதிப்புப் புதினங்களில் வழுவும் வழுவமைதியும்

ஆசிரியர் ஒருவர் தாமே முயன்று நூலை அச்சேற்றுதல் தமிழுக்குப் புதிதன்று. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ. வே. சாமிநாதையர், கையொப்பமிட்டு உதவியோர் துணைகொண்டு 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஆயின் ஏட்டுப்படிகள் பலவற்றை ஒப்புநோக்கித் தெளிந்த பின்னரே அச்சுக்கு ஈந்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது.

இக்காலத்துப் புதின ஆசிரியர் பலர் தாமே பதிப்பாளரும் ஆகின்றனர். அமேசான் கிண்டில் 2016 இல் தமிழ் நூல்களை ஏற்றபின் இவ்வழி மேலும் எளிதாயிற்று. இதனால் அருகியது, எழுதினார் அல்லாத பிறர் கண். எழுதினார் தாம் கருதியதையே தாளிற் காண்பர், அச்சானதைக் காணார்.

நன்னூல் வழுவினைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகைப்படுத்தும். ‘மாடுகள் வந்தது’ என்பது பால்வழு. ‘நின்றப் பெண்’ எனப் பெயரெச்சத்தின் பின் ஒற்று மிகுத்தல் புணர்ச்சி வழு. இவை செவியை உறுத்துமேனும் பொருளைக் கெடுப்பதில்லை. பொருளையே மாற்றுவனவும் உள. ‘உழவுக்குச் சென்றான்’ என்பது ‘உளவுக்குச் சென்றான்’ என அச்சாயின், காவிரிக்கரை உழவன் ஒற்றனாகிவிடுவான். ‘வேலை கொடுத்தான்’ எனின் பணி தந்தான்; ‘வேலைக் கொடுத்தான்’ எனின் வேற்படை தந்தான். பிழை காட்டும் கணிப்பொறி இவற்றை எளிதில் உணராது. யாவும் அகராதிச் சொற்களே ஆதலின்.

இனி, திருத்தமே தீங்காகும் இடமும் உண்டு. நடவாள் ஒருத்தி, ‘ஆத்துல தண்ணி வந்துருச்சு’ என்பதை ‘ஆற்றில் நீர் வந்துவிட்டது’ என மாற்றின், சொற்றொடர் திருந்தும், அவள் மறைவாள். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் கும்பகோணப் பேச்சு உரையாடலில் இயல்பாக நிற்றல் காண்க. தஞ்சாவூர் ‘தஞ்சை’யாதலை மரூஉ என இயல்பு வழக்கினுள் அடக்கியது நம் இலக்கணம். வழுவமைதிக்கு இடந்தந்த மரபு பேச்சுவழக்கை வெறுக்கும் மரபன்று.

ஆகவே மெய்ப்பு நோக்குவோர் முதற்கண் வினவற்பாலது, ‘இஃது யார் கூற்று?’ என்பதே. ஆசிரியர் கூற்றாயின் வழுக் களைக; மாந்தர் கூற்றாயின் வழக்கினைக் காக்க. இவ்வேறுபாட்டை உணர்ந்த ஒருவரேனும் படித்தபின் நூல் வெளிவருதல் நன்று. இன்றைய புதினங்களையே நாளைய அகராதியாளர் மொழிச்சான்றாகக் கொள்வர். அச்சுப்பிழை வழக்காகவும், உயிருள்ள வழக்குப் பிழையாகவும் அவர்க்குத் தோன்றுமாயின், அக்குறை ஒரு நூலோடு ஒழியாது என்க.