மாதவிலக்கு நிற்கும் பிராயத்து மறதி

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பத்தில் தறியின் ஓசை கேளாத தெரு அரிது. அங்கே பல ஆண்டுகளாகத் தார் சுற்றியும், பாவில் அறுந்த இழையை இமைப்பொழுதில் முடிந்தும் பழகிய கைகளையுடைய ஸ்திரீகள் பலர், நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில், எண்ணிக்கொண்டிருந்த இழையின் கணக்கு நடுவே தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணுவதும், எதிர்வீட்டுக்காரியின் பெயர் நாக்கு நுனியில் நின்று வெளிவராமல் தவிப்பதும் உண்டு. “புத்தியே மழுங்கிப் போச்சு” என்று அவர்கள் தமக்குள் கலங்க, வீட்டாரோ “வயசாச்சு, அப்படித்தான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கலக்கத்துக்கு அவசியமில்லை, ஆனால் அதை இப்படி அலட்சியப்படுத்துவதும் நியாயமன்று.

சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கருவுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. புதிய செய்திகளை ஞாபகத்தில் பதியவைக்கும் மூளைப் பகுதியிலும், கவனத்தை ஒருமுகப்படுத்தும் முன்மூளையிலும் அது வினை புரிகிறது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் அதன் அளவு சீராகக் குறையாமல் ஒரு நாள் ஏறியும் மறுநாள் இறங்கியும் அலைக்கழிப்பதால், பெயர்களும் சொற்களும் நினைவில் தங்குவதில் தற்காலிகமான தளர்ச்சி உண்டாகிறது. அமெரிக்காவில் 2,362 பெண்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், மாதவிலக்கு நிற்கும் கட்டத்தில் மந்தப்பட்ட கற்கும் திறன், அது முற்றிலும் நின்றபின் மீண்டும் தலையெடுத்தது தெரியவந்தது. ஆகவே இது முதுமையில் வரும் ஞாபகம் அழியும் நோயின் முன்னறிகுறி என்று அஞ்சுவது பெரும்பாலோர் விஷயத்தில் வீண் அச்சமே.

அப்படியாயின் ஞாபக சக்திக்கென்றே ஹார்மோன் சிகிச்சை செய்துகொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 16,608 அமெரிக்கப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரை அல்லது வெற்று மாத்திரை தந்து நடந்த பெரும் பரிசோதனை, மார்பகப் புற்றும் ரத்தக் கட்டியும் மிகுந்தமையால் 2002-ல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, அவர்களுள் அம்மருந்தை உண்ட 65 வயது கடந்தோரிடையே ஞாபகம் அழியும் நோயும் சுமார் இருமடங்காயிற்று என்ற செய்தி வரவே, உலகெங்கும் வைத்தியர்களும் நோயாளிகளும் அம்மருந்தைத் தீண்டவே அஞ்சினர். அந்தப் பரிசோதனைக்கு உட்பட்டோரின் சராசரி வயதோ 63. மாதவிலக்கு நின்று வெகுகாலம் கழிந்தவர்கள். பின்னர் இளைய பிராயத்தினரிடம் நடத்திய ஆய்வுகளில் ஞாபகத்துக்குக் கெடுதி காணப்படவில்லை. குறிப்பிடத்தக்க நன்மையும் காணப்படவில்லை. மறதி ஒன்றையே காரணமாக்கி இம்மருந்தை உட்கொள்வது தகாது என்பதே இன்று நிபுணர்களின் அபிப்பிராயம். ஆயினும் நள்ளிரவில் உடலெங்கும் அனல் பரவி, வியர்வையில் நனைந்து எழுந்து, விடியுமட்டும் கண்மூடாதவளுக்குப் பகலில் புத்தி தெளிவாயிருப்பது எங்ஙனம்? அந்த அனலைத் தணிப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கு நிகரான மருந்து அரிது. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால், பெரும்பாலோர்க்கு அதன் நன்மையே மேலோங்கும். தூக்கம் திரும்பினால் தெளிவும் ஓரளவு திரும்பும். மார்பகப் புற்று, ரத்தக் கட்டி, ஈரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இவை போன்றவற்றுள் ஒன்று உடையவர்கள் இதிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

மாதவிலக்கு இயல்பாக நிற்பவர்களினும் என் மனத்தை அதிகம் வருத்துவோர் அறுவைக்கு உட்பட்டவர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டோர் இந்தியா முழுதிலும் நூற்றுக்கு மூவர் என்றால், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் ஏறக்குறைய ஒன்பதின்மர். கர்ப்பப்பையுடன் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்டால் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதில்லை. ஒரே நாளில் வற்றிவிடுகிறது. இளவயதில் இவ்வாறு சினைப்பைகளை இழந்தோர்க்குப் பிற்காலத்தில் ஞாபகக் குறைவு மிகுதியாக வருவதையும், ஐம்பது வயது வரையில் ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களுக்கு அந்த ஆபத்து காணப்படாததையும் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆராய்ச்சியாளர் 2007-ல் எடுத்துக்காட்டினர். தடை ஏதும் இல்லாவிடில், முப்பத்தைந்து வயதில் இரு சினைப்பைகளையும் இழந்த ஒருத்திக்கு இம்மருந்து சலுகையன்று, இழந்ததை ஈடுசெய்வது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்வோரைத்தான் காணோம்.

ஆதலால் அறுவை செய்துகொண்ட சகோதரிகளே, மருத்துவமனையில் கொடுத்த வெளியேற்றச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, சினைப்பைகள் இருக்கின்றனவா என்று படித்தவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மறதி என்று வரும் யாவரும் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகையுள்ளவர்கள். பிறகு, அச்சீட்டு இருப்பின் அதனுடன், பெண்கள் நல மருத்துவரிடம் சென்று, “எனக்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டுமா, வேண்டாமா?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள்.